ஒவ்வொரு பிரேக்குக்கும் நான்கு ஸ்பூன் பெட்ரோல்

ஒரு டீஸ்பூன் என்பது 5 மில்லி. இந்தக் கட்டுரை முழுக்க அதுதான் நமக்கு அளவு, லிட்டரெல்லாம் அப்புறம். மைலேஜ் என்று பேச்சு வந்தாலே எல்லோரும் லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் டேங்கிலிருந்து பெட்ரோல் லிட்டர் லிட்டராகவா போகிறது? நாம் மிதிக்கிற ஒவ்வொரு மிதிக்கும் ஸ்பூன் ஸ்பூனாகப் போகிறது. எந்த ஸ்பூன் எங்கே போனது என்று பிடிபட்டுவிட்டால், எப்படி ஓட்டினால் மிச்சமாகும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சின்னக் கணக்கு ஒன்று போடலாம், பயப்பட வேண்டாம். 1,200 கிலோ எடையுள்ள ஒரு கார் சிக்னலில் நிற்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் உண்டு. அதில் ஏறத்தாழ கால் பங்குதான் சக்கரத்துக்குப் போய்ச் சேர்கிறது, மீதி முக்கால் பங்கு ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெறும் சூடாக வெளியே போய்விடுகிறது (உங்கள் கார் மோசம் என்று நினைக்காதீர்கள், சாலையில் ஓடும் பெரும்பாலான பெட்ரோல் என்ஜின்களின் லட்சணம் இதுதான்). இந்தக் கணக்குப்படி, நின்ற கார் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்துக்கு வர ஒரு ஸ்பூன் பெட்ரோல் வேண்டும். 60க்கு வர? இரண்டு ஸ்பூன் என்று சொல்லத் தோன்றும். இல்லை, நான்கு ஸ்பூன். 90க்கு ஒன்பது, 120க்கு பதினாறு. ஓடும் பொருளின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம், பரீட்சை எழுதிவிட்டு மறந்தும் இருப்போம், அந்தச் சமன்பாடுதான் இங்கே பெட்ரோல் பில்லாக வருகிறது.

அந்த நான்கு ஸ்பூனும் எங்கேயும் போய்விடவில்லை. 60ல் ஓடுகிற காரின் வேகத்துக்குள்ளேதான் அது இருக்கிறது, சேமித்து வைத்த பணம் மாதிரி. இப்போது முன்னால் சிவப்பு விளக்கு. இரண்டு வழி இருக்கிறது. தூரத்திலேயே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், அந்தச் சேமிப்பை வைத்துக்கொண்டே கார் சில நூறு மீட்டர் உருண்டு போகும், நான்கு ஸ்பூனுக்கும் பதிலாக நமக்குத் தூரம் கிடைக்கிறது. கடைசி வரை மிதித்துக்கொண்டே போய் விளக்குக்கு அருகில் பிரேக் பிடித்தால், அதே நான்கு ஸ்பூன் பிரேக் தட்டில் சூடாக மாறிக் காற்றில் கலந்துவிடும். பிரேக் பிடிக்கும்போது பெட்ரோல் செலவாவதில்லை என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் ஏற்கெனவே செலவழித்து வாங்கிய பொருளை அங்கேதான் தூக்கிப் போடுகிறோம்.

இதை எனக்கு முதலில் சொன்னது என் மாமா. பல வருடம் டாக்சி ஓட்டியவர், ஜூல் என்கிற ஆற்றல் அளவைப் பற்றியெல்லாம் கேள்விப்பட்டதே கிடையாது. நான் கார் வாங்கிய புதிதில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். நான் உற்சாகமாக மிதித்துக்கொண்டிருந்தேன்.

"ஏன்டா, அங்க சிவப்பு தெரியுதா இல்லையா?"

"தெரியுது மாமா."

"அப்புறம் எதுக்கு மிதிக்கிறே?"

எனக்குப் பதில் வரவில்லை. நீங்களும் அடுத்த முறை ஓட்டும்போது கவனித்துப் பாருங்கள், சிவப்பு விளக்கைப் பார்த்த பிறகும் நம்மில் பெரும்பாலானோர் ஆக்சிலரேட்டரில் கால் வைத்தபடியே அதை நோக்கிப் போகிறோம். நிற்கப் போகிறோம் என்று தெரிந்தே வேகம் வாங்குகிறோம். வேகத்தடைக்கும் அப்படித்தான், திருப்பத்துக்கும் அப்படித்தான், முன்னால் வரிசையாக நிற்கும் வண்டிகளைப் பார்த்தாலும் அப்படித்தான். 10 கிலோமீட்டர் நகரப் பயணத்தில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து இருபது முறை முழுதாக நிறுத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் கிட்டத்தட்ட மூன்று ஸ்பூன். மொத்தம் கால் லிட்டருக்கும் மேல். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் கார் அந்தப் பயணத்துக்கு எடுப்பதே முக்கால் லிட்டருக்குள்தான், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிரேக்கிலேயே போகிறது. ஆக மைலேஜ் கூட்ட நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது பிரேக் மிதியை. ஆக்சிலரேட்டர் இரண்டாவதுதான்.

அதற்காகப் பிரேக் பிடிக்காமல் ஓட்டுங்கள் என்று சொல்லவில்லை, தயவுசெய்து அப்படிப் புரிந்துகொள்ள வேண்டாம். தேவைப்பட்டால் பிரேக்கை அழுத்தத்தான் வேண்டும், நான்கு ஸ்பூனுக்காக யாரும் யார் மீதும் போய் இடிக்க வேண்டாம். விஷயம் என்னவென்றால் பிரேக் தேவைப்படாத நிலைமையை முன்கூட்டியே உண்டாக்கிக்கொள்வது. அதற்கு இரண்டு பழக்கம் போதும். ஒன்று, முன்னால் போகும் வண்டியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டாமல் அதற்கும் முன்னால் நான்கைந்து வண்டி தள்ளிப் பார்ப்பது. அங்கே பிரேக் விளக்குகள் எரிய ஆரம்பித்ததுமே காலை எடுத்துவிடலாம். இன்னொன்று, இடைவெளி. முன்னால் போகும் வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டிய பிறகு மூன்று விநாடி கழித்து நீங்கள் தாண்டுகிற மாதிரி இருந்தால், அவர் பிரேக் பிடிக்கும்போது நீங்கள் வெறுமனே காலை எடுத்தால் போதும். ஒட்டிக்கொண்டே போனால் அவர் பிடிக்கிற ஒவ்வொரு பிரேக்கையும் நீங்களும் பிடித்தாக வேண்டும், அவருக்குத் தேவையே இல்லாமல் பிடித்ததையும் சேர்த்து.

இடைவெளி விட்டால் நடுவில் யாராவது புகுந்துவிடுவார்களே என்பீர்கள். புகுவார்கள். எனக்கும் முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் பின்னால் வந்து மறுபடி இடைவெளி விட்டுக்கொள்ளுங்கள், அதனால் இழப்பது இரண்டு மூன்று விநாடி. அப்படிப் புகுந்து முந்திப் போனவர் அடுத்த சிக்னலில் உங்களுக்குப் பக்கத்தில்தான் நிற்பார், ஸ்பூன்களை மட்டும் வழியில் கொட்டிவிட்டு வந்திருப்பார்.

காலை எடுத்தால் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம், ஏனென்றால் இங்கேதான் மாமாவும் தவறு செய்தார். இறக்கம் வந்தாலே அவர் நியூட்ரலில் போட்டுவிடுவார். கியரில் இருந்தால் என்ஜின் வேகமாகச் சுற்றும், வேகமாகச் சுற்றினால் பெட்ரோல் இழுக்கும், நியூட்ரல் என்றால் மெதுவாகச் சுற்றும், குறைவாக இழுக்கும். அவர் ஓட்டிய கார்புரேட்டர் வண்டிக்கு அந்த நியாயம் பொருந்தும். இப்போது வரும் கார்களில் கார்புரேட்டர் கிடையாது, எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதைக் கணினி முடிவு செய்து இன்ஜெக்டர் வழியாகத் தெளிக்கிறது. கியரில் ஓடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் காலை முழுதாக எடுத்துவிட்டால், என்ஜின் சுழற்சி ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருக்கும் வரை அந்தக் கணினி பெட்ரோலை முற்றிலுமாக நிறுத்திவிடும். ஒரு சொட்டுகூடப் போகாது. அப்படியென்றால் என்ஜின் எப்படி ஓடுகிறது? சக்கரங்கள்தான் அதைச் சுழற்றுகின்றன. சுழற்சி நிமிடத்துக்கு 1,000, 1,500 என்கிற அளவுக்கு இறங்கும்போது, வண்டி ஆஃப் ஆகிவிடாமல் இருக்க மறுபடி பெட்ரோல் திறக்கும்.

நியூட்ரலில் போட்டால் இந்தத் தொடர்பு அறுந்துவிடுகிறது. என்ஜின் தன்னைத்தானே உயிரோடு வைத்துக்கொள்ள வேண்டியதாகிவிடுகிறது, அதற்குப் பெட்ரோல் வேண்டும். அதாவது இறக்கத்தில் கியரில் போனால் பூஜ்யம், நியூட்ரலில் போனால் பூஜ்யத்துக்கு மேல். என்ஜின் பிடிப்பு (கியரில் இருக்கும்போது என்ஜின் வண்டியைப் பின்னுக்கு இழுப்பது) இல்லாததால் நியூட்ரலில் வண்டி இன்னும் தூரம் உருளும் என்பது உண்மைதான், மிக லேசான சரிவில் கணக்குப் பார்த்தால் அது சில நேரம் ஜெயிக்கவும் கூடும். ஆனால் நீண்ட இறக்கத்தில் என்ஜின் பிடிப்பு இல்லாமல் வெறும் பிரேக்கை நம்பி இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும், அவசரத்துக்கு முன்னால் பாயவும் முடியாது. என்ஜினையே அணைத்துவிட்டு உருள்வது அதைவிட மோசம். பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கும் உதவி போய்விடும், இரண்டும் கல் மாதிரி இறுகிவிடும், சாவியை எடுத்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் செய்யும். இதை மிச்சம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

நடைமுறையில் இதற்கு அர்த்தம் என்னவென்றால், சிக்னலை நோக்கி உருளும்போது கிளட்சைச் சீக்கிரம் மிதித்துவிட வேண்டாம். கியரிலேயே உருளட்டும், வண்டி லேசாகத் திணறப் போகிறது என்னும்போது கிளட்சை மிதித்தால் போதும். டாஷ்போர்டில் அந்த நொடியின் மைலேஜைக் காட்டும் வசதி இருந்தால் காலை எடுத்ததும் அதைப் பாருங்கள், எண் எகிறி அந்தத் திரை காட்டக்கூடிய உச்சத்தில் போய் நிற்கும். எனக்கு அது இன்னமும் ஒரு விளையாட்டு மாதிரிதான்.

சரி, கிளம்புவது எப்படி? இதில் ஒரு தவறான அறிவுரை சுற்றிக்கொண்டிருக்கிறது, எவ்வளவு மெதுவாக வேகமெடுக்கிறோமோ அவ்வளவு மிச்சம் என்று. 60க்கு வர நான்கு ஸ்பூன் என்பது வேகமாக வந்தாலும் மெதுவாக வந்தாலும் அடிப்படையில் மாறாது. ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு இரண்டாம் கியரிலேயே முனகிக்கொண்டு ஊர்ந்தால், அந்த நேரம் முழுக்க என்ஜின் திறமை குறைந்த நிலையில் ஓடுகிறது, அது வேறு நஷ்டம். நிதானமாக, ஆனால் தயக்கமில்லாமல் மிதித்து, கியரைச் சீக்கிரம் சீக்கிரமாக மாற்றி, வேண்டிய வேகம் வந்ததும் காலைத் தளர்த்திவிடுவதுதான் சரி. பெட்ரோல் காரில் 2,000 முதல் 2,500 ஆர்பிஎம்முக்குள் (என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்பதுதான் ஆர்பிஎம்) அடுத்த கியர், டீசலில் அதற்கும் சற்று முன்பே. கடைசி வரை மிதித்து என்ஜினை அலறவிடுவது வேறு விஷயம், அப்போது கணினி தேவைக்கு மேல் பெட்ரோலைக் கலக்கும், அது வீண்.

கியரைச் சீக்கிரம் மாற்றினால் ஏன் மிச்சம் என்று பலருக்குத் தெரிவதில்லை. சுற்று குறைந்தால் உராய்வு குறையும், அது ஒரு காரணம். இன்னொரு காரணம் சுவாரசியமானது. பெட்ரோல் என்ஜின் காற்றை ஒரு சின்னக் கதவு வழியாக உறிஞ்சுகிறது, நாம் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது திறப்பது அந்தக் கதவைத்தான். லேசாக மிதித்தால் கதவு முக்கால்வாசி மூடியே இருக்கும், அந்த இடுக்கு வழியாக என்ஜின் மூச்சு வாங்கியாக வேண்டும். பாதி அடைத்துக்கொண்ட ஸ்ட்ராவில் இளநீர் குடித்துப் பாருங்கள், கன்னம் வலிக்கும், அந்த வலிதான் என்ஜினுக்கும். தாழ்ந்த கியரில் வேகமாகச் சுற்றிக்கொண்டு லேசாக மிதித்தபடி போனால், ஒவ்வொரு சுற்றுக்கும் இந்த இழுபறி நடக்கிறது. உயர்ந்த கியரில் சுற்று குறைவு, கதவும் கொஞ்சம் கூடுதலாகத் திறந்திருக்கும், மூச்சு சுலபம். ஆனால் இதற்கும் எல்லை உண்டு. டாப் கியரில் 1,200 ஆர்பிஎம்மில் ஓங்கி மிதித்து மேடு ஏறினால் வண்டி உதறும், திணறும், என்ஜினுக்கும் கெடுதல். உதறினால் ஒரு கியர் இறக்கிவிடுங்கள், அதில் கௌரவம் ஒன்றும் போய்விடாது. ஆட்டோமேட்டிக் கார் என்றால் வேகம் வந்ததும் காலைக் கொஞ்சம் தளர்த்துங்கள், அதுவே மேல் கியருக்குப் போய்விடும்.

இனி நெடுஞ்சாலை. அங்கே பிரேக் அவ்வளவாக இல்லை, எதிரி வேறு: காற்று. காருக்கு முன்னால் இருக்கிற காற்றைத் தள்ளிக்கொண்டேதான் போக வேண்டும், அந்த எதிர்ப்பும் வேகத்தின் வர்க்கத்தோடுதான் கூடுகிறது. 80லிருந்து 120க்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்கு, காற்றின் எதிர்ப்பு இரண்டே கால் மடங்கு. டயர் உருள்வதில் இருக்கும் எதிர்ப்பு வேகத்தோடு அவ்வளவாக மாறாது. நகர வேகத்தில் காற்றைக் கண்டுகொள்ளவே வேண்டாம், 100ல் போகும்போது பாதிக்கு மேல் காற்றோடு மல்லுக்கட்டத்தான் போகிறது. நம் 1,200 கிலோ காருக்குத் தோராயமாகக் கணக்குப் போட்டால், 100 கிலோமீட்டர் தூரத்துக்கு 80ல் போனால் 4 லிட்டர், 100ல் போனால் ஐந்தரை, 120ல் போனால் 7 என்கிற அளவில் வருகிறது. காருக்குக் கார் எண் மாறும், ஏறுகிற விதம் மாறாது.

நேரத்தையும் பாருங்கள். அந்த 100 கிலோமீட்டரை 80ல் போனால் 75 நிமிடம், 100ல் 60, 120ல் 50. முதல் 20 கிலோமீட்டர் வேகத்துக்கு 15 நிமிடம் கிடைத்தது, அடுத்த 20க்கு 10 நிமிடம்தான், ஆனால் பெட்ரோல் முதல் தடவை கூடிய அதே ஒன்றரை லிட்டர் மறுபடியும் கூடுகிறது. வேகம் கூடக் கூட நேரம் குறைவாகக் கிடைக்கிறது, விலை அதிகமாகிறது. 80க்கும் 100க்கும் நடுவில் ஓர் இடத்தில் நிலையாக வைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படுகிறது, போக்குவரத்தும் வேக வரம்பும் அனுமதித்தால். இது புதிய ஞானமும் இல்லை. 1973ல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது அமெரிக்காவில் நாடு முழுவதும் மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 88 கிலோமீட்டர் என்று வேக வரம்பு கொண்டுவந்தார்கள், 1974 ஜனவரியில் சட்டமாகியது, 1995 வரை அந்தச் சட்டம் இருந்தது. எரிபொருளை மிச்சப்படுத்த ஓர் அரசாங்கத்துக்கு முதலில் தோன்றியவற்றில் ஒன்று, எல்லோருடைய காலையும் கொஞ்சம் தூக்கச் சொல்வது.

நிலையாக என்று சொன்னேன் அல்லவா, அதைக் கவனியுங்கள். 80, 100, 75, 95 என்று அலைந்துகொண்டே போனால் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஸ்பூன் கேட்கும். சமதளத்தில் க்ரூஸ் கண்ட்ரோல், அதாவது நாம் வைத்த வேகத்தைத் தானே பிடித்துக்கொள்ளும் வசதி, இதை நம்மைவிட நன்றாகச் செய்யும். மேடு பள்ளமான சாலையில் அதற்கு மூளை போதாது, மேட்டிலும் அதே வேகத்தைப் பிடிக்க ஓங்கி மிதிக்கும். அங்கே நீங்களே ஓட்டுங்கள், மேட்டில் வேகம் கொஞ்சம் குறையட்டும், இறங்கும்போது தானாகத் திரும்பி வரும். லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் காற்றின் எதிர்ப்பு குறையும் என்று சிலர் செய்வார்கள். குறையும்தான். லாரி திடீரென்று நின்றால் அந்த மிச்சத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

காற்று பற்றிப் பேசும்போதே கூரையையும் சொல்லிவிடுகிறேன். காரின் மேல் சாமான் வைக்கும் கேரியர், பெட்டி இதெல்லாம் நெடுஞ்சாலை வேகத்தில் பெரிய சுமை, கனத்தால் அல்ல, காற்றை மறிப்பதால். பெரிய பெட்டி என்றால் மைலேஜில் 10 முதல் 25 சதவீதம் வரை தின்றுவிடும். காலியாக இருந்தாலும் தின்னும். பயணம் முடிந்ததும் கழற்றி வையுங்கள். டிக்கியில் கிடக்கும் சாமான்களின் கணக்கு இதைவிடச் சின்னது, 45 கிலோவுக்கு ஏறத்தாழ 1 சதவீதம்.

ஏசி பற்றி எல்லோரும் கேட்பார்கள், போட்டால் எவ்வளவு குடிக்கும் என்று. 50 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும்போது ஒரு சின்ன காரைத் தள்ள சக்கரத்துக்கு வேண்டிய சக்தி 3 கிலோவாட் அளவுதான். கடும் வெயிலில் ஏசி கம்ப்ரசர் மட்டும் 1 முதல் 3 கிலோவாட் வரை கேட்கும். அதனால்தான் நகர நெரிசலில் ஏசி இவ்வளவு உறைக்கிறது, சுடச்சுட இருக்கும் காரில் சின்னப் பயணம் போனால் கால் பங்கு மைலேஜைக்கூட அது விழுங்கிவிடும். நெடுஞ்சாலையில் அதே ஏசி மொத்தச் செலவில் சின்னப் பங்குதான், அங்கே கண்ணாடியை இறக்கிக் காற்றை உள்ளே விடுவதைவிட ஏசியே மேல். வெயிலில் நிறுத்தி வைத்த காரென்றால் முதல் ஓரிரு நிமிடம் கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஓட்டி, உள்ளே இருக்கும் சூட்டை வெளியேற்றிவிட்டு அப்புறம் போடுங்கள். அதைவிட நல்லது நிழலில் நிறுத்துவது.

நின்றுகொண்டே ஓடும் என்ஜின், இதற்கும் ஸ்பூன் கணக்கு உண்டு. சின்ன பெட்ரோல் கார் சும்மா நின்றால் மணிக்கு முக்கால் லிட்டர் போலக் குடிக்கும், ஏசி ஓடினால் இன்னும் கூடும். அதாவது 24 விநாடிக்கு ஒரு ஸ்பூன். 100 விநாடி சிக்னல் என்றால் நான்கு ஸ்பூன், 60லிருந்து ஒரு முறை பிரேக் பிடித்து நின்றதற்குச் சமம். மறுபடி ஸ்டார்ட் செய்ய நிறையப் பெட்ரோல் போகும் என்பது பழைய கதை. சூடான என்ஜினை ஸ்டார்ட் செய்ய ஆவது பத்து விநாடி நின்று ஓடுவதற்கு ஆகும் அளவுதான். அரை நிமிடத்துக்கு மேல் நிற்கப் போகிறோம் என்று உறுதியாகத் தெரிந்தால் அணைத்துவிடலாம். யாரையோ அழைத்து வரப்போய் வாசலில் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு உட்கார்ந்திருப்பது இருக்கிறதே, அதுதான் உண்மையான கொட்டல், சிக்னலெல்லாம் அதற்குப் பக்கத்தில் வர முடியாது.

காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்து பல நிமிடம் நிறுத்தி வைத்துச் சூடேற்றுவதும் இதே ரகம். அரை நிமிடம் போதும், பிறகு மென்மையாக ஓட்டினால் ஓட்டத்திலேயே சீக்கிரம் சூடாகும். குளிர்ந்த என்ஜினில் எண்ணெய் கெட்டியாக இருக்கும், பெட்ரோலும் கூடுதலாகக் கலக்கும், முதல் சில கிலோமீட்டர் மைலேஜ் மோசமாகத்தான் இருக்கும். அதனால் தனித்தனியாக மூன்று முறை வெளியே போவதைவிட மூன்று வேலையையும் ஒரே சுற்றில் முடிப்பது கணிசமான மிச்சம். இரண்டு தெரு தள்ளிப் போக நடந்தே போகலாம், அது உங்கள் விருப்பம்.

டயர் காற்று. காற்றிறங்கிய சைக்கிளை மிதித்தவருக்கு விளக்கமே தேவையில்லை. காற்றழுத்தம் 1 பிஎஸ்ஐ (டயர் காற்றை அளக்கும் அலகு) குறைந்தால் சுமார் 0.2 சதவீதம் மைலேஜ் குறைகிறது, கேட்கச் சின்னதாக இருக்கும், ஆனால் பல கார்கள் 5, 8 என்று குறைவாகவே மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கின்றன, டயரும் ஓரத்தில் தேயும், சூடேறி வெடிக்கவும் கூடும். எவ்வளவு காற்று என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் அந்தச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, அதை அடித்துவிடாதீர்கள். மாதம் ஒரு முறை, ஓட்டி டயர் சூடாவதற்கு முன்னால் பாருங்கள்.

மைலேஜ் கூட்டும் என்று விற்கும் காந்தம், மாத்திரை, டேங்கில் ஊற்றும் திரவம் இதையெல்லாம் விட்டுவிடுங்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளைப் பார்த்துவிட்டது, விரல்விட்டு எண்ணக்கூடியவை கொஞ்சம் பலன் தந்தன, அதுவும் அற்பமாக. காரின் கையேடு கேட்காதபோது அதிக ஆக்டேன் பெட்ரோல் போடுவதாலும் லாபமில்லை. அதிகாலையில் பெட்ரோல் போட்டால் அடர்த்தியாகக் கிடைக்கும் என்பதும் அப்படித்தான், பெட்ரோல் இருக்கும் தொட்டி பூமிக்கு அடியில், அங்கே காலைக்கும் மதியத்துக்கும் வெப்பம் அதிகம் மாறுவதில்லை.

ஹைபிரிட், மின்சார கார் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம், ஏனென்றால் அவற்றில் பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி அந்த ஸ்பூன்களில் ஒரு பகுதியைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். ஒரு பகுதியைத்தான். போகும்போதும் வரும்போதும் கொஞ்சம் கொஞ்சம் சிந்தும், ஆகவே தூரத்திலேயே காலை எடுக்கும் பழக்கம் அங்கேயும் வீண் போகாது.

இதெல்லாம் உண்மையா என்று அளந்து பார்க்க ஒரே வழிதான். ஃபுல் டேங்க் போடுங்கள், குழாய் தானாக நிற்கிற இடத்தில் நிறுத்துங்கள், அதற்கு மேல் தட்டித் தட்டி ஊற்ற வேண்டாம். ட்ரிப் மீட்டரை பூஜ்யமாக்குங்கள். டேங்க் கால்வாசிக்கு இறங்கும் வரை ஓட்டிவிட்டு, முடிந்தால் அதே இடத்தில், மறுபடி தானாக நிற்கும் வரை ஃபுல் டேங்க் போட்டு, ஓடிய கிலோமீட்டரை இப்போது போட்ட லிட்டரால் வகுத்துவிடுங்கள். டாஷ்போர்டு காட்டும் எண் பல கார்களில் கொஞ்சம் தாராள மனதோடு இருக்கும், இந்தக் கணக்கையே நம்புங்கள். ஒரு டேங்கை வைத்து முடிவுக்கு வர வேண்டாம், குறைந்தது மூன்று டேங்க் பாருங்கள். எனக்கு முதல் டேங்கில் லிட்டருக்கு 13 என்பது 13 ஆகவேதான் இருந்தது, பாதி நாள் பழையபடியே மிதித்திருக்கிறேன், அதுதான் காரணம். மூன்றாவது டேங்கில் பதினைந்தரை வந்தது. பெருமையாக மாமாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"ஏசி போட்டியா?" என்று கேட்டார்.